ஒரு சாண் போர்க்கப்பல்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினம் சண்டையிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

தோற்றுப்போய் எழவில்லை. காற்று என் பக்கம் இருந்தது. எதிரில் ஆடிய நண்பர் டேவிட்டின் முதல் கப்பலுக்கு நடுப் பாய்மரம் முறிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், எப்போதாவது ஒரு தடவை கிடைக்கிற வெற்றி அன்றைக்குக் கிடைத்திருக்கும். டேவிட் பகடையை உருட்டிவிட்டு, என் கப்பலில் ஆட்சேதம், மூன்று மணி என்றார். விதிப்படி நான் கிண்ணத்திலிருந்து மூன்று சிவப்புப் பாசிமணிகளை எடுத்து என் கப்பலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு மணி என்றால் இருபது ஆள் என்று கணக்கு. பல வருடங்களாக வைத்துப் பழகிய கைதான். அன்றைக்கு மணிகளை எடுத்த கை மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். இது ஒரு விளையாட்டு. நான் இருக்கும் கோவென்ட்ரி என்ற ஆங்கிலேய நகரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்புற மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு சங்கமாகக் கூடுகிறோம். நீளமான மேசையில் நீலத் துணியை விரித்தால் அது கடல். அதன் மேல் ஒரு சாண் நீளத்தில் பழைய காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல்கள். உடம்பு வார்ப்பில் கிடைக்கும். அதற்கு வண்ணம் தீட்டி, மரம் நட்டு, பாய் கட்டி, கயிறு இழுப்பதெல்லாம் அவரவர் வேலை. காற்று எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி வைப்போம். அளவுகோலால் அளந்து கப்பலை நகர்த்துவோம். பீரங்கி சுட்டால் ஒரு துணுக்குப் பஞ்சு வைப்போம், அது புகை. சண்டைகள் மட்டும் நிஜமாக நடந்தவை. இருநூறு வருடங்களுக்கும் முன்னால் நாகப்பட்டினத்துக்கு எதிரே வங்கக் கடலில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்களே, அதில் ஒன்றைத்தான் அன்று ஆடிக்கொண்டிருந்தோம்.

தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். டேவிட் மணிகளை என் கையிலிருந்து வாங்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஆட்டம் அப்படியே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்குக் காரணம் தெரியும். என் மகன் கதிர் இப்போது ஒரு நிஜப் போர்க்கப்பலில் இருக்கிறான்.

2

நான் நாகரசம்பட்டிக்காரன். பெயர் மாதப்பன். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் சேர்ந்தேன். அங்கே திட்டு கன்னடத்தில் விழும், கிண்டல் தெலுங்கில் வரும், சம்பள உயர்வைப் பற்றிய புலம்பல் மட்டும் தமிழில் நடக்கும். பக்கத்து பெஞ்சில் ஆனேக்கல்காரர் ஒருவர் இருந்தார். அரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், “நோடு, கை நடுகபாரது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கை நடுங்கக் கூடாது என்று அர்த்தம். அந்த வேலைதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. வந்த முதல் குளிர்காலத்தில் மத்தியானம் டீ குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடுவதைப் பார்த்து, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

டேவிட் அப்போது நான் வேலைக்குப் போகும் பேருந்தின் ஓட்டுநர். கடைசி நிறுத்தத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு நாள் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரொட்டி இல்லை, விரல் நீளத்தில் ஒரு பாய்மரம் இருந்தது. இடுக்கியால் நூலைப் பிடித்து அதில் சுற்றிக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் மாட்டினவன்தான், இன்றுவரை வெளியே வரவில்லை.

கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கம்பெனியில் மாமல்லபுரம் கூட்டிப்போனபோதுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். காலை நனைத்துவிட்டு வந்து செருப்பைத் தேடியதுதான் ஞாபகம். ஆனால் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை டூல்ரூம் வேலைக்கு ரொம்ப தூரம் இல்லை. மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகளுக்குக் கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்கு வைக்கோல் நிற நூல். நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு படியும். உள்ளேயிருந்து வெளியே, கீழேயிருந்து மேலே என்று வரிசை தப்பாமல் கட்ட வேண்டும். வரிசை தப்பினால் முன்னே கட்டிய கயிறே கையை உள்ளே விடாது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் மரம் சாய்ந்துவிடும். சரி செய்ய எல்லாவற்றையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

ஒவ்வொரு கயிறுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர். எனக்கு ஒன்றும் வாயில் நுழையவில்லை. நம் கடற்கரைக்காரர்களிடம் நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கும், எனக்கு அவர்களைத் தெரியாது. அதனால் கடலுக்குச் சொல் வேண்டியிருந்தபோதெல்லாம் மாட்டுவண்டியிடம் போனேன். முன்மரத்திலிருந்து மூக்குக்கு வருவது மூக்கணாங்கயிறு. பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பது முளைக்கயிறு. என் வீட்டில் இன்றைக்கும் அதுதான் வழக்கு. கதிர் சின்ன வயதில் சங்கத்துக்கு வந்து, “மூக்கணாங்கயிறு லூசா இருக்கு” என்று தமிழில் சொல்ல, ஐந்தாறு வெள்ளைக்கார வயசாளிகள் அதைச் சொல்லிப் பழகப் படாத பாடு பட்டார்கள்.

3

எங்கள் சங்கத்தில் என் கப்பல்களுக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது என்னால் வந்தது இல்லை. தனத்தால் வந்தது.

தனலட்சுமி என் மனைவி. ராஜபாளையத்துக்காரி. அவள் அப்பா மில் வேலை போய், குடும்பத்தோடு ஓசூருக்குப் பிழைக்க வந்தவர். அவள் எங்கள் கம்பெனியில் தணிக்கைப் பிரிவில் இருந்தாள். காலை ஷிப்டுக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் உதிரிப்பூவைக் கொட்டிக்கொண்டு கட்டிக்கொண்டே வருவாள். பஸ் பள்ளத்தில் விழுந்து எழும். அவள் குனிந்து பார்க்க மாட்டாள். பேச்சு பக்கத்தில் இருப்பவளோடு, கண் வெளியே, விரல்கள் பாட்டுக்கு நூலை வளைத்துப் பூவை மாட்டி இழுக்கும். சிப்காட் வாசல் வருவதற்குள் இரண்டு முழம் முடிந்திருக்கும். நான் அந்த விரல்களைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குக் கேட்டேன். இதை இத்தனை வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை.

பாய்மரத்துக்கு ஏறிப்போக மாலுமிகளுக்கு நூலேணி உண்டு. இந்தச் சின்னக் கப்பலில் அந்த ஏணிதான் எமன். நெடுக்கே ஓடும் நூல்களில் குறுக்கே நூலைக் கொண்டுபோய், சந்திக்கிற இடத்திலெல்லாம் முடிச்சுப் போட வேண்டும். பலரும் வலைத்துணியை வெட்டி ஒட்டிவிடுவார்கள். நான் ஒரு சனிக்கிழமை முழுக்க முயன்று, நாலு படி கட்டி, அதுவும் கோணலாகி, நூலைத் தூக்கி எறிந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த தனம் கையைத் துடைத்துவிட்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, பூக்கட்டும் முடிச்சையே கொஞ்சம் மாற்றிப் போட்டு ஏணியைக் கட்டி முடித்தாள். கோணலே இல்லை. டேவிட் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அந்தக் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு சங்கத்தில் யார் கேட்டாலும், அந்த வித்தை இந்தியாவில் ஒரு பாதத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதே தனத்தால்தான் எனக்கு ஒரு பரிசும் போயிற்று. என் முதல் பெரிய கப்பல் முடிந்த நேரம் ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்குக் கடைசல் இயந்திரம் முதல் கம்பெனி பஸ்வரை சந்தனமும் குங்குமமும் இல்லாமல் ஒரு பொருள் இருக்காது. இடுக்கி, தூரிகை, அரம் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தவள், நான் கவனிப்பதற்குள் கப்பலின் மூக்குக்கும் வைத்துவிட்டாள். சந்தனம் வண்ணத்தில் ஊறிவிட்டது. துடைத்தால் வண்ணம் வரும். அப்படியே போட்டிக்குக் கொண்டுபோனேன். நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, கப்பலின் முகப்பில் ஒரு குண்டு பட்ட காயம் தெரிகிறது, ஆனால் பலகை சிதறவில்லையே, காயம் இயல்பாக இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சாமி கும்பிட்டதற்குக் காயம் என்று பெயர் வந்ததை அவளிடமும் சொல்லவில்லை. வருத்தப்படுவாள்.

4

கதிர் பிறந்தது இங்கே. பேசத் தொடங்கியது தமிழ், பள்ளிக்கூடம் போனதும் ஆங்கிலம். பத்து வயதுக்குமேல் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். புலம்பெயர்ந்த வீடுகளில் இது புதுசில்லை. எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் இந்தக் கப்பல் மேசை. அதற்கு மட்டும் அவன் மறுபேச்சில்லாமல் என்னோடு வந்தான்.

வங்கக் கடல் சண்டைகளை ஆடும்போது அவன் எப்போதும் ஆங்கிலேயர் பக்கம், நான் பிரெஞ்சுக்காரர் பக்கம். ஏன் எப்போதும் அந்தப் பக்கமே எடுக்கிறீர்கள் என்று கேட்டான். அந்தக் காலத்தில் கிருஷ்ணகிரிக் கோட்டை மைசூர் சுல்தானிடம் இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் சுல்தானுக்குக் கூட்டாளிகள், அதனால் நம் ஊர்க்கணக்குப்படி நான் இந்தப் பக்கம்தான் என்றேன். அப்படியானால் நான் எந்தப் பக்கம் என்று கேட்டான். சிரித்துக்கொண்டே, நீ பிறந்த ஊர்ப் பக்கம் என்று சொன்னேன். பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்வதெல்லாம் விளையாட்டாகவே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை நமக்கு.

படிப்பை முடித்து ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போனான். கொஞ்ச காலத்தில் முகம் வாடிப்போய் வர ஆரம்பித்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, கடற்படையில் சேர விண்ணப்பித்துத் தேர்வும் ஆகிவிட்டது என்று சொன்னான். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். பயம் பிறகுதான் வந்தது. தனத்துக்குப் பெருமை வரவே இல்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

5

பேசவில்லை என்றால், சாப்பாடு போடவில்லை என்று அர்த்தமில்லை. அவனுக்குப் பிடித்ததைத்தான் சமைத்தாள். எல்லாம் என் வழியாகப் போகும். “அவனைச் சாப்பிட வரச் சொல்லுங்க.” அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். “மோர் வேணுமான்னு கேளுங்க.” நான் கேட்பேன். அவன் வேண்டும் என்பான். நான் வேண்டுமாம் என்பேன். ஒரு வீட்டுக்குள் மூன்று பேருக்கும் தமிழ் தெரிந்திருக்க, நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடமும் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். பாதி முடிந்த கப்பல் ஒன்று மேசையில் இருந்தது. மரங்கள் நின்றுவிட்டன, ஏணிகள் மட்டும் பாக்கி. எப்போது கட்டித் தருகிறாய் என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“நீங்க மட்டும் காரணமுன்னு சொல்லலைங்க. பொம்மைதானேன்னு நானும்தான் உக்காந்து கட்டிக் குடுத்தேன். இனிமே என் கையால ஒரு முடிச்சு விழாது” என்றாள்.

அந்தக் கப்பல் ஏணி இல்லாமல் அப்படியே நிற்கிறது. வலைத்துணி ஒட்டி முடித்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு நடுவில் அதிகாரிகளோடு வேறு ஒரு போராட்டம். படையில் சேருகிறவனின் பெற்றோர் யார், எங்கே பிறந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். நம் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். இங்கே வரும்போது அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். அதனால் நான் மாதப்பன் பெரியசாமி. என் மகன் கதிர் மாதப்பன். விசாரிக்க வந்த அம்மையாருக்கு இது பிடிபடவே இல்லை. அப்பாவின் குடும்பப் பெயர் பெரியசாமி என்றால் மகனுடையது எப்படி மாதப்பன் ஆகும், தத்தெடுத்த பிள்ளையா என்று பதமாகக் கேட்டார். அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அதன் கடைசிப் பெயர் கதிர் என்று இருக்கும் என்று நான் விளக்கப் போக, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் நாகரசம்பட்டி ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் எழுதியிருந்ததைத் தீர்க்க மேலும் சில வாரம் ஆயிற்று.

பயிற்சி முடிந்த நாளில் அவன் சட்டையில் பெயர் தைத்திருந்ததைப் பார்த்தேன். மாதப்பன் என்று இருந்தது. அங்கே யாரும் கதிர் என்று கூப்பிடுவதில்லையாம். தூரத்தில் யாரோ ஒரு அதிகாரி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் திரும்பிவிட்டேன். என் பக்கத்தில் நின்றவன் விறைத்து நின்று, வருகிறேன் ஐயா என்று குரல் கொடுத்தான்.

6

என் தம்பி முனியப்பன் ஊரில் மாந்தோப்பு பார்க்கிறான். விஷயம் தெரிந்து கூப்பிட்டான். அந்த நேரம் மாங்காய் பறிப்பு. பின்னால் ஆட்கள் கூடை எண்ணும் சத்தம் கேட்டது. விலை சரியில்லை, மாங்கூழ் பாக்டரிக்காரன் காயைக் கழிக்கிறான் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

“என்னாண்ணா, நம்ம பையன் அந்த நாட்டுப் பட்டாளத்துலயா சேர்ந்துட்டான்?”

ஆமாம் என்றேன்.

“நாளைக்கு ஒண்ணுன்னா, நம்மூருக்குக் கொண்டார உடுவாங்களா?”

அவன் கெட்ட மனசில் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு, பெட்டியில் வந்தவர்களும் உண்டு. நடக்கக்கூடியதைக் கேட்டான். நானும் நடக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லிப் பேச்சை மாங்காய்க்கே திருப்பினேன். போனை வைத்த பிறகு உட்கார்ந்துகொண்டேன். அவன் கேட்கும்வரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து டேவிட்டின் மறைந்த மனைவிக்குக் கல்லறைக் கல் நட்டார்கள். போயிருந்தேன். கறுப்புக் கல், முகம் தெரியும்படி மெருகேற்றியது. அழகான கல் என்று டேவிட்டின் மகளிடம் சொன்னேன். இந்தியாவிலிருந்து வருகிறதாம் என்றாள். எனக்குத் தெரியும். பர்கூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் அறுத்து அடுக்கியிருப்பார்கள். லாரிகளில் ஏறி மெட்ராஸ் துறைமுகம் போகும். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நின்ற கறுப்புக் கற்களில் எத்தனை எங்கள் மாவட்டத்துக் கற்களோ. தம்பியின் கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் கையால் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

7

முதல் நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் கதிர் வீட்டில் இருந்தான். மத்தியானச் சாப்பாடு. கறிக்குழம்பு. தனம் வழக்கம்போல என்னிடம், “இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கச் சொல்லுங்க” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் நேராக அவளைப் பார்த்துப் பேசினான். அதுவும் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு ஃபர்ஸ்ட் சொல்லணும்னு கேப்பாங்க. நான் உங்க பேரைக் குடுத்திருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “ஏம்ப்பா, நான் இல்லியா?” என்றேன்.

“நீங்க அம்மாகிட்ட சொல்றதுக்கு நல்ல நேரம் பாத்துக்கிட்டே இருப்பீங்க, அப்பா” என்றான்.

சிரிப்பு வந்தது, உண்மையும்கூட. பிறகு அவன் விவரத்தைச் சொன்னான். போனில் சொல்ல மாட்டார்கள். ஆள் நேரில் வருவார்கள். அநேகமாக இரண்டு பேர். வாசலில் நின்று, நீங்கள் இன்னாருடைய அம்மாவா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சொல்வார்கள். இதையெல்லாம் பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னான். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலும்.

“தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்னும் கேட்டிருக்கேன். ட்ரை பண்றோம்னு சொன்னாங்க. உங்களுக்கு ஃபுல்லாப் புரியணும்ல.”

தனம் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்து அவனிடமே பேசினாள்.

“தமிழ்ல வேண்டாம். இங்கிலீஷ்லயே சொல்லட்டும். இங்கிலீஷ்ல சொன்னா யாருக்கோ என்னமோன்னு கொஞ்ச நேரமாவது நின்னு கேப்பேன். தமிழ்ல சொன்னா அந்த எடத்துலயே விழுந்துருவேன்யா.”

அவன் தலையாட்டினான். அவள் விடவில்லை.

“வர்றவங்களுக்குக் காப்பி குடுக்கலாமா? குடுக்கக் கூடாதா?”

 கதிருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. தனம் எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கறி வாசனையும் மஞ்சள் வாசனையுமாக இருந்த அந்தச் சமையலறையில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய் நிரப்பினேன். ஏற்கனவே நிரம்பித்தான் இருந்தது.

மறுநாள் போர்ட்ஸ்மவுத்துக்குப் போனோம். துறைமுக வாயிலில் பழைய கல்சுவர் ஒன்று உண்டு. குடும்பங்கள் எல்லாம் அதன் மேல் நின்றுதான் வழியனுப்பும். தனம் காலையிலேயே ராகு காலத்தைப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் கப்பல் கிளம்பியது கடல் ஏற்றத்தைப் பார்த்து. வெள்ளைத் தொப்பிகள் தளத்தின் ஓரம் நெடுக வரிசையாக நின்றன. எங்களைக் கடந்து போனபோது அதில் எது கதிர் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. யாரோ ஒரு பையனைப் பார்த்து தனம் கையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான். அவன் அம்மா வேறு எங்காவது நின்றிருப்பாள்.

நாங்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. கப்பல் தூரப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வந்துவிட்டது. அத்தனை காலம் கையில் தூக்கி வைத்த அளவு. அந்த அளவில் அதில் ஆள் இருப்பதே தெரியாது என்பதை அன்றைக்குத்தான் நிஜமாகப் புரிந்துகொண்டேன். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

8

அதன் பிறகு வீட்டில் ஒரு புது வழக்கம். அழைப்பு மணி அடித்தால் நான் எழக் கூடாது. தனம்தான் போவாள். பார்சல்காரன், எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார், யாராக இருந்தாலும் சரி. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிட்டுப் போவாள். போகும் வழியில் கூடத்துக் கண்ணாடி முன் ஒரு கணம் நின்று முந்தானையையோ சட்டையையோ சரி செய்துகொள்வாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. சமையலறை அலமாரியில் புதுசாக இரண்டு காப்பிக் கோப்பைகள் வந்திருக்கின்றன. அவற்றில் நாங்கள் குடிப்பதில்லை.

கதிர் முடிந்தபோது பேசுகிறான். எங்கே இருக்கிறான் என்று சொல்ல மாட்டான், நாங்களும் கேட்பதில்லை. அங்கே வெயில் ஓசூரைப் போல இல்லை, சேலத்தைப் போல இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னான். அவள் இப்போது அவனோடு நேரடியாகவே பேசுகிறாள். என் மொழிபெயர்ப்பு வேலை போய்விட்டது.

போன ஞாயிறு சண்டையிலிருந்து எழுந்து வந்தவன், குளிருக்குப் போட்டுப்போன மேலங்கியை மண்டபத்திலேயே விட்டுவிட்டேன். சாவி அதன் பையில். பேருந்திலிருந்து இறங்கி வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வழக்கமாக நான் திரும்ப சாயங்காலம் ஆகும். அவள் அந்த நேரத்தில் என்னை எதிர்பார்த்திருக்க மாட்டாள். யோசிக்காமல் மணியை அடித்துவிட்டேன்.

உள்ளே குழாய் நின்றது. காலடிச் சத்தம் வந்தது. கண்ணாடி இருக்கும் இடத்தில் நின்றது. மறுபடி வந்தது. கதவு முழுசாகத் திறந்தது. தனம் நேராக நின்றிருந்தாள். இரண்டு கைகளும் முன்னால் கோத்திருந்தன. கண்கள் மூடியிருந்தன.

“யெஸ்” என்றாள். “டெல் மீ.”

 அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருப்பாள். தனம், நான்தான் என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் தெருவைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“நீங்க இனிமே பெல் அடிக்காதீங்க” என்றாள்.

நானும் அவள் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன். குளிர் காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவைச் சாத்த வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.